விரல் ஊறினா பின் நம்பர்!

ஐந்தருவியில ஒரு மணி நேரம் ஊறிட்டு வந்து, செல்ஃபி எடுக்க போன்ல விரலை வெச்சா... ம்ஹூம்! எண்ணெய் மசாஜ் வேற முடிச்சிருந்தா கேட்கவே வேணாம். சுருங்கின, ஈர விரலை சென்சாருக்குப் பல நேரம் அடையாளம் தெரியாது. அடுத்து? பின் நம்பர்!

இங்கதான் மேட்டரே. குற்றாலத்துக்குத் தனியா யார் போறா? மொத்த செட்டும் எட்டிப் பார்க்க, அந்த நாலு நம்பரை அடிக்கணும். அதுவும் பொறந்த வருஷம்னா... சுத்தம்! விரல் வாசக்கதவுன்னா, பின் நம்பர் கொல்லைக்கதவு பாஸ்.

சரி, வாசக்கதவாவது கெட்டியா? 2013-ல ஐபோன் 5எஸ் டச் ஐடியோட வந்தப்போ, இன்னொருத்தர் விரல் பொருந்த 50,000-ல ஒரு வாய்ப்புதான்னு சொன்னது ஆப்பிள். நாலு இலக்க நம்பருக்கு அது 10,000-ல ஒண்ணு. ஆனா சில நாள்லயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப், கண்ணாடியில பதிஞ்ச ரேகையைப் படம்பிடிச்சு, போலி ரேகை செஞ்சு திறந்து காட்டிட்டாங்க. பாஸ்வேர்டு போனா மாத்தலாம். விரலை?

அவ்வளவு மெனக்கெடவும் வேணாம். ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸ்ல தென்காசி வர்றப்போ, தூங்குற உங்க விரலைப் பக்கத்து சீட் மாப்ளே எடுத்து வெச்சா போதும். அதுக்குத்தான் ஆண்ட்ராய்டு 9-லருந்து (2018) 'லாக்டவுன்' இருக்கு. பவர் மெனுவுல அதை அழுத்தினா, அடுத்த தடவை பின் நம்பரோ பேட்டர்னோ போட்டாத்தான் திறக்கும். சில போன்ல செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணணும். செங்கோட்டை வண்டி ஏறுறதுக்கு முன்னாடி தேடிப் பாருங்க!