ப்ளஸ் ஒன் முடிச்சதும் ஐஐடி பாடம்... கும்மிடிப்பூண்டி பிள்ளைகளாலும் முடியும்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் வீடுகளில், ப்ளஸ் டூ நெருங்கும்போது ஒரு பயம் வரும். கடன் வாங்கி காலேஜில் சேர்த்த பிறகு, 'இந்தப் படிப்பு எனக்கு வரலை' என்று பிள்ளை சொல்லிவிட்டால்?

அந்தப் பயத்தைக் குறைக்க ஒரு வழி, காலேஜ் பாடத்தை ஸ்கூல் படிக்கும்போதே தொட்டுப் பார்ப்பதுதான். அமெரிக்காவில் 'அட்வான்ஸ்ட் பிளேஸ்மென்ட்' என்ற பெயரில் இது பல ஆண்டுகளாக நடக்கிறது. அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால், பல கல்லூரிகள் அந்தப் பாடத்துக்கு கிரெடிட் தருகின்றன. அப்படியே அதே முறை நம் ஊரில் இல்லை. ஆனால், அதற்குப் பக்கத்தில் வரும் வாய்ப்புகள் இருக்கின்றன.

சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ்

2020-ல் தொடங்கிய ஆன்லைன் பட்டப்படிப்பு இது. ஜேஇஇ தேவையில்லை. ப்ளஸ் ஒன் ஆண்டுத் தேர்வு எழுதியவர்கள், எந்த குரூப்பாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்திருக்க வேண்டும்.

கணிதம், புள்ளியியல், ஆங்கிலம், கம்ப்யூட்டேஷனல் திங்கிங் என 4 பாடங்களை 4 வாரம் ஆன்லைனில் நடத்துகிறார்கள். வாராவாரம் தரும் பயிற்சிகளில் தேவையான மதிப்பெண் எடுத்தால், தேர்வு மையத்துக்கு நேரில் போய்த் தகுதித் தேர்வு எழுதலாம். பாஸானால், ப்ளஸ் டூ முடித்ததும் சேரலாம். வருமானம், சமூகப் பிரிவைப் பொறுத்து கட்டணச் சலுகையும் உண்டு.

என்பிடெல்

ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் பாடங்களை போனிலேயே இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு எழுத வேண்டும். சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் இருக்கிறது.

என்ன லாபம்?

சரிப்பட்டு வராவிட்டால், போவது ஒரு விண்ணப்பக் கட்டணமும் நான்கு வார உழைப்பும்தான். நான்கு வருட ஃபீஸ் போகாது. தமிழ் மீடியம் பிள்ளைகளுக்கு இன்னொரு லாபம்: ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் மிரட்சி, காலேஜ் வாசலை மிதிக்கும் முன்பே கொஞ்சம் தெளிந்துவிடும். வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகும் பிள்ளைக்கு, 'காலேஜ் பாடம் எப்படி இருக்கும்?' என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணனோ அக்காவோ இருக்க மாட்டார்கள். அதைத் தானே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இதையும் கவனியுங்க

பொறியியல் கவுன்சலிங்குக்கு ப்ளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்கள்தான் கணக்கு. அதனால் பொதுத்தேர்வு நேரத்தில் இதையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம். பிஎஸ் படிப்புக்கு வருடத்தில் மூன்று முறை சேர்க்கை நடப்பதால், ப்ளஸ் ஒன் முடிந்து வரும் கோடை விடுமுறை வசதியாக இருக்கும். ஏஜென்ட் யாரும் தேவையில்லை. தேதியையும் கட்டணத்தையும் சென்னை ஐஐடியின் இணையதளத்திலேயே பார்த்து விண்ணப்பிக்கலாம்.

முக்கியமாக, பக்கத்து வீட்டுப் பிள்ளை படிக்கிறது என்பதற்காக உங்கள் பிள்ளையைத் தள்ளாதீர்கள். முதலில் ஒரு இலவச வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். அடுத்ததை அவர்களே கேட்டால், அப்புறம் விண்ணப்பிக்கலாம்!