களிமண்ணில் பதித்துப் படியுங்கள்

கல்கத்தாவின் சால்ட் லேக் வீடுகள், 1960களில் ஹூக்ளி ஆற்று வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து மேடாக்கிய சதுப்பில் எழுந்தவை. அவற்றின் அலமாரிகளில் இருப்பவை அதைவிடப் பழையவை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் பெட்டியிலோ, ரஸல் ஸ்ட்ரீட் ஏலத்தில் பழம்பொருள் வாங்கியவரின் மேசையிலோ, தங்கப் பிடியும் செதுக்கிய கல்லும் கொண்ட சிறு முத்திரை ஒன்று கிடைக்கலாம். இது யாருடையது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் விடை உண்டு. ஆனால் தேட ஒரு வரிசை இருக்கிறது.

முதலில், முத்திரையை நேராகப் பார்த்துப் படிக்கக் கூடாது. அது இடவலம் மாறிய செதுக்கல். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் மெல்ல அழுத்தி எடுத்தால் போதும். சூடான அரக்கு வேண்டாம். பதிவில் கேடயம் இரண்டாகப் பிரிந்திருந்தால், நம் பார்வைக்கு இடப்பக்கம் கணவன் குலம், வலப்பக்கம் மனைவி குலம். கேடயத்தை ஏந்துபவரின் வலக்கைப் பக்கமே உயர்ந்தது என்பது மரபு. முத்திரையை நேரே பார்த்தால் இரு குடும்பங்களும் இடம் மாறிவிடும்.

நிறத்திலும் இதே சிக்கல்தான். கல்லில் வண்ணம் தீட்ட முடியாது. அதனால் 1638இல் பியெத்ரா சாந்தா என்ற இயேசு சபைத் துறவி தம் நூலில் பயன்படுத்திய கோட்டு முறை எங்கும் பரவியது. புள்ளிகள் தங்கம், செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம். பச்சைக்கும் ஊதாவுக்கும் சாய்வுக் கோடுகள், எதிரெதிர்த் திசையில். பதிவு எடுக்காதவருக்குப் பச்சை ஊதாவாகிவிடும். அதோடு தேடல் வேறு குடும்பத்துக்குப் போய்விடும்.

அடுத்து, கேடயம் இருக்கிறதா, அல்லது முறுக்குக் கயிறு போன்ற பட்டையின் மேல் ஒரு சிங்கத்தலையோ பறவையோ மட்டும் நிற்கிறதா என்று பாருங்கள். பின்னது கிரெஸ்ட். சிறு முத்திரைகளில் இதுவே அதிகம். ஒரே கிரெஸ்ட்டைப் பல குடும்பங்கள் வைத்திருந்ததால், அதை மட்டும் கொண்டு பெயர் சொல்வது நேர்மையாகாது. கிரெஸ்ட்டின் அடியில் மூன்று இலை கொண்ட முடியைக் கண்டதும் டியூக் என்று சொல்லிவிடுகிறார்கள். அது வெறும் அலங்கார மரபு. பதவி காட்டும் முடி கேடயத்தின் மேல் உட்காரும்: பாரன் (baron) என்ற பிரபுவுக்கு ஆறு வெண்குண்டுகள், முன்னால் தெரிவது நான்கு. வங்கத்தில் அந்த உரிமை பெற்ற இந்தியர், 1919இல் ராய்ப்பூரின் முதல் பிரபுவான சத்யேந்திர பிரசன்ன சின்ஹா. பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற ஒரே இந்தியரும் அவரே.

இந்திய அரசர்கள்? ஐரோப்பியக் கேடயத்துக்குள் நம் யானையும் சங்கும் இருந்தால், 1877 என்ற ஆண்டை நினைவில் கொள்ளுங்கள். அந்த ஜனவரி 1 தில்லி தர்பாருக்காக, வங்க சிவில் சர்வீஸைச் சேர்ந்த ராபர்ட் டெய்லர் சுதேச மன்னர்களுக்கு ஏறத்தாழ 90 கொடிகளின் சின்னங்களை வடிவமைத்தார். அவற்றின் தொகுப்பு நூல் 1902இல் கல்கத்தாவில் வெளியானது. பழங்காலத்துக் குலச்சின்னம் என்று பெருமையாகச் சொல்லப்படும் பலவும் இந்தத் தர்பாரில் பிறந்தவையே. அயோத்தி நவாபுகள் விதிவிலக்கு; அவர்கள் அதற்கு வெகு முன்பே ஐரோப்பிய பாணிச் சின்னத்தை ஏற்றிருந்தார்கள். இரட்டை மீன் தெரிந்தால் நமக்குப் பாண்டியர் நினைவு வரும். கல்கத்தாவில் முதலில் நினைக்க வேண்டியவர், 1856இல் நாடிழந்து மெட்டியாபுரூஸில் குடியேறிய அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா.

இந்த இலக்கணம் நமக்கு அந்நியமல்ல. ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் புலியோடு மீனும் வில்லும் சேர்ந்து நிற்கின்றன. வென்ற நாட்டின் அடையாளத்தைத் தன்னதோடு சேர்க்கும் இந்த முறையை ஐரோப்பியர் கேடயத்தைக் கட்டங்களாகப் பிரித்துச் செய்தார்கள்.

தங்கத் தரக்குறி உலோகத்தின் காலத்தைத்தான் சொல்லும். செதுக்கல் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம். குடும்பப் பெயரைச் சொன்னால் சின்னம் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கொடுக்காதீர்கள். சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுகளுக்கும் வழங்கப்பட்டது, அதே பெயருள்ள எல்லோருக்கும் அல்ல. கேடயம் தெரிந்தால், பிரிட்டிஷ் சின்னங்களை உருவ வரிசையில் அடுக்கிய பாப்வொர்த்தின் 1874 நூலைப் பாருங்கள், கிரெஸ்ட்டுக்கு ஃபேர்பேர்னின் நூலை. அப்போதும் பெயர்ப் பட்டியல்தான் மிஞ்சினால், அதே பெட்டியில் உள்ள பழைய கடிதங்களை எடுத்து, உடைந்த அரக்கை உங்கள் பதிவோடு ஒப்பிடுங்கள். பொருந்தினால், அந்தக் கடிதத்தின் அடியில் கையெழுத்திட்டவரிடமிருந்து தேடலைத் தொடரலாம்.