ஆண்டு விழாவில் யார் பேச வேண்டும்?

சமுதாயக் கல்லூரி என்னும் பெயர் நம் அங்கத்தினர்களில் சிலருக்குப் புதிதாக இருக்கலாம். பட்டம் வழங்கும் கல்லூரி அன்று அது. வெறும் தொழிற்பயிற்சிக் கூடமும் அன்று. பள்ளியை இடையில் விட்டவர்கள், பத்தாம் வகுப்பில் தேறாதவர்கள், மணமாகிப் பிள்ளை பெற்ற பின் படிக்க விரும்பும் பெண்கள் ஆகியோர் வயதோ மதிப்பெண்ணோ தடையாக நில்லாமல் சேர்ந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வெளிவருவதற்காக ஏற்பட்ட ஸ்தாபனம் அது. இத்தகைய கல்லூரிகள் சில தம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும்போது, மேடையும் மாலையும் போதும் என்று நில்லாமல், தம்மிடம் பயின்றவர்களையும் பணியாற்றியவர்களையும் அழைத்து, அவரவர் வாயாலேயே அவரவர் கதையைச் சொல்லச் செய்து, அவற்றைத் தொகுத்து வெளியிடுகின்றன. இவ்வழக்கம் நம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் வர வேண்டும் என்பது நம் கருத்து. ஆனால் அது எப்படி வர வேண்டும் என்பதில் நமக்குச் சில பிடிவாதங்களும் உண்டு.

முதலில் அக்கல்லூரிகளைப் பற்றிச் சில சொற்கள். அமெரிக்க நாட்டில் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில் 1901-ஆம் ஆண்டு ஆறே மாணவர்களுடன் தொடங்கிய கல்லூரியை இவ்வகைக்கு முன்னோடியாகக் கூறுவர். நம் நாட்டில் 1990-களின் நடுவில் புதுச்சேரியிலும், 1996-இல் சென்னையிலும் இம்முயற்சி தொடங்கிற்று. ஏசு சபைத் துறவியான சேவியர் அல்போன்ஸ் அவர்கள் இதைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரப்பப் பெரிதும் உழைத்தவர். பின்னர் இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2009-இலும், பல்கலைக்கழக மானியக் குழு 2013-இலும் இதற்கெனத் திட்டங்கள் வகுத்தன. இக்கல்லூரிகளின் பாடத்திட்டத்தில் நம்மைக் கவர்வது ஒன்று: தொழில் கற்பிப்பதற்கு முன், தன்னம்பிக்கையுடன் நாலு பேர் நடுவே நின்று பேசவும், தன் கருத்தை எடுத்துரைக்கவும் பழக்குகிறார்கள். அதற்குப் பிறகே தொழிற்பயிற்சி. அதன் பின் ஒரு நிறுவனத்தில் நேரடி அனுபவம். ஆகவே, ஆண்டு விழாவில் பழைய மாணவி ஒருத்தி எழுந்து நின்று, தான் தேர்வில் தோற்று வீட்டில் முடங்கிக் கிடந்த காலத்தையும் பின் எழுந்த விதத்தையும் தங்குதடையின்றிக் கூறுவாளாயின், அவள் சொல்லும் கதை ஒருபுறமிருக்க, அவள் சொல்லுகிறாள் என்பதே அக்கல்லூரிக்கு ஒரு நற்சான்று.

நம் அங்கத்தினர்கள் 1844-ஆம் ஆண்டை அறிவர். இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்துத் தொழிலாளர்கள், அவர்களுள் நெசவாளரும் உளர், அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் தம் சிறு கடையைத் திறந்தார்கள். அதற்கு முந்திய மாதத்தில்தான், டென்மார்க்கு தேசத்தின் ரோடிங் என்னும் சிற்றூரில், குடியானவர் பிள்ளைகளுக்கென முதல் மக்கள் உயர்பள்ளி திறக்கப்பட்டது. பாதிரியாரும் கவிஞருமான குருண்ட்விக் என்பாரின் சிந்தனையில் உதித்த பள்ளி அது. தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. அச்சிட்ட எழுத்தைக் காட்டிலும் உயிருள்ள வாய்ச்சொல்லே மனிதனை எழுப்பும் என்பது அவர் கொள்கை. வயல்வேலை ஓய்ந்திருக்கும் குளிர்காலத்தில் இளைஞர்கள் அப்பள்ளிகளில் தங்கிப் பயின்றனர். 1882-இல் அந்நாட்டின் முதல் கூட்டுறவுப் பாற்பண்ணை தோன்றி, அடுத்த சில ஆண்டுகளில் ஊர்தோறும் பண்ணைகள் பெருகியபோது, அவற்றை முன்னின்று நடத்தியவர்களில் இப்பள்ளிகளில் பயின்றோர் பலர் இருந்தனர். பள்ளியால்தான் பண்ணை வந்தது என்று ஒற்றைக் காரணம் காட்ட நாம் துணியோம். ஆயினும், தன் அனுபவத்தைப் பத்துப்பேர் முன் சொல்லப் பழகியவனே மகாசபையில் எழுந்து கேள்வி கேட்கவும் துணிவான் என்பதில் நமக்கு ஐயமில்லை. ராச்டேல் முன்னோடிகளும் தம் உபரியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென ஒதுக்கி, வாசகசாலை நடத்தினார்கள் அல்லவா?

இனி நம் வட்டாரத்திற்கு வருவோம். சங்கங்களின் வெள்ளி விழா மலர்களும் பொன் விழா மலர்களும் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நம் கையில் கிடைப்பதுண்டு. வழவழப்பான தாள், பக்கத்திற்கொரு வாழ்த்துரை, தலைவர்களின் படங்கள், கடைசியில் விளம்பரங்கள். சங்கத்திற்காக முப்பது ஆண்டு தறிக்குழியில் கால் வைத்த ஒருவனுடைய வார்த்தை ஒன்றேனும் அவற்றில் காணப்படுவதில்லை. வாழ்த்துரை எழுதிய பெரியோரை நாம் குறை கூறவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது, எழுதினார்கள். நெசவாளனிடம் யாரும் கேட்கவில்லை.

இதனால் சங்கத்திற்கு என்ன நஷ்டம் என்று சிலர் வினவலாம். நம் தொழில் கணக்கு பார்ப்பது. ஆகையால் கணக்கு வழியிலேயே விடை கூறுகிறோம். நெசவாளர் சங்கம் ஒன்றின் அங்கத்தினர் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு பெயருக்கு எதிரே ‘பங்குத்தொகை திருப்பி அளிக்கப்பட்டது’ என்று ஒரு வரி இருக்கும். அவன் ஏன் போனான்? பதிவேடு சொல்லாது. பாவும் ஊடையும் காலத்தில் கிடைக்காமல் வாரக்கணக்கில் தறி சும்மா நின்றதா? துணியை ஒப்படைத்தும் கூலி கைக்கு வர மாதங்கள் ஆயினவா? மகன் திருப்பூருக்குப் போய்ப் பின்னலாடைத் தொழிலில் சேர்ந்து தந்தையையும் அழைத்துக்கொண்டானா? ஐந்தொகையில் இவற்றுக்கு இடமில்லை. நடவடிக்கைப் புத்தகத்திலும் இல்லை. பத்தாண்டுகளில் நாற்பது பேர் இப்படி ஒவ்வொருவராகக் கழன்று, தறிகள் பாதியாகக் குறைந்த பின், நிர்வாகக் குழு கூடி ‘இளைஞர்களுக்குத் தொழிலில் நாட்டமில்லை’ என்று தீர்மானம் எழுதுகிறது. போனவர்களில் முதல் ஐந்து பேரை அழைத்து, அவர்கள் சொல்வதைக் கேட்டிருந்தால், மீதி முப்பத்தைந்து பேரில் சிலரையாவது நிறுத்தி வைத்திருக்கலாம். வாய்மொழிக் கதையை நாம் ஒரு வகைத் தணிக்கை என்றே கருதுகிறோம்.

ஆகையால்தான், விழாவில் வென்றவர் கதையை மட்டும் சொல்லும் பழக்கத்தை நாம் ஏற்பதில்லை. கல்லூரிகளும் இதில் தவறக் கூடியவையே. வேலை பெற்றவனை மேடையேற்றுவது எளிது. பாதியில் நின்றவனைத் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் அடுத்த ஆண்டு வகுப்பைத் திருத்த உதவுவது நின்றவன் கூறும் காரணமே. பேருந்து வசதி இல்லையா, கூலி வேலையை விட்டு வர முடியவில்லையா, பாடம் புரியவில்லையா? இது தெரியாமல் எந்த ஸ்தாபனமும் தன்னைச் சீர்செய்து கொள்ள இயலாது.

இன்னொன்று. கதை சொல்ல அழைக்கும்போது பதிவேட்டை மட்டும் பார்த்து அழைத்தல் கூடாது. கைத்தறி வீட்டில் தார் சுற்றுவதும், பாவுக்குக் கஞ்சி போடுவதில் துணைநிற்பதும், அறுந்த இழை பிணைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அங்கத்தினர் பெயரோ பல வீடுகளில் கணவனுடையது. பாதி உழைப்பு அவளுடையது. பதிவேட்டில் அவள் இல்லை. ஆதலால் மகாசபையிலும் இல்லை. கரும்பு பயிரிடுவோர் பக்கமும் இதே நிலைதான். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் அங்கத்தினர்களிடம் கேட்டால், வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்த நாட்களில் கரும்பு காய்ந்து எடை குறைந்த கதையை மணிக்கணக்கில் சொல்வார்கள். அக்கரும்பை வெட்டிய ஆட்களுக்கும் ஒரு கதை உண்டு. அவர்கள் எந்தச் சங்கத்திலும் அங்கத்தினர் அல்லர். கல்லூரி தன் விழாவில் காவற்காரரையும் சமையற்காரியையும் பேசச் சொல்லுமானால், அங்கே பேராசிரியருக்குத் தெரியாத செய்திகள் சில வெளிவரும். சங்கத்திலும் அவ்வாறே, நூல் கிடங்கு எடையாளருக்குத் தெரிந்தது செயலாளருக்குத் தெரியாதிருக்கலாம்.

கல்வராயன் மலையைப் பொறுத்தவரை இது அவசரமான காரியம் என்று எண்ணுகிறோம். மூன்று ஜாகீர்தார்களின் கீழிருந்த அம்மலையில் ஜாகீர் உரிமை முற்றிலும் நீங்கியது 1976-இல்தான். ஜாகீர் நிலத்தில் கூலியின்றி உழைத்த நாட்களைத் தம் கண்ணால் கண்ட மலையாளிப் பெரியவர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்கள். அவர்கள் நினைவில் இருப்பது வேறு எந்த ஏட்டிலும் முழுமையாக இல்லை. மலைவாழ் மக்களுக்கான பெரும் பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் அங்கே ஏன் வேண்டியிருந்தது என்பதை இளந்தலைமுறைக்கு விளக்க, சட்டப் புத்தகத்தைக் காட்டிலும் அப்பெரியவர்களுடைய அரைமணிப் பேச்சு போதும்.

இளைஞர் செய்தி அதனினும் கவலை தருவது. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் என்று கூறப்பட்ட தமிழ்நாட்டினர் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நம் வட மாவட்டங்களின் மலையூர்களில் கூலி கிடைக்காதவனைத் தரகன் எவ்வளவு எளிதில் அழைத்துச் செல்கிறான் என்பதை அன்று நாடே அறிந்தது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தி 60-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகே கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கு எடுத்தது. பள்ளியை விட்டுவிட்ட பதினேழு வயதுப் பையனுக்கு, சாராய ஊறலும் காட்டுக் கூலியும் அல்லாத மூன்றாவது வழி ஒன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெள்ளிமலையில் ஒரு சமுதாயக் கல்லூரி அமைந்து, மரவள்ளியை மாவாக்கவும், சாமையையும் தினையையும் உமி நீக்கிப் பொதியவும், தேனையும் கடுக்காயையும் தரம் பிரிக்கவும், சங்கக் கணக்கு எழுதவும் ஓராண்டில் கற்பித்தால், அவ்வழி புலப்படும். ஆனால் அவன் விளம்பரத் தாளைப் படித்து வரப்போவதில்லை. முன்பே சென்று கற்றுத் திரும்பிய, தன் ஊரைச் சேர்ந்த ஒருவன் சொன்னால் வருவான்.

பணத்திற்கு எங்கே போவது என்பார்கள். இலாபம் ஈட்டும் சங்கங்கள் தம் நிகர இலாபத்தில் ஒரு பகுதியைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்த வேண்டும் என்று நம் மாநிலச் சட்டமே விதித்திருக்கிறது. செலுத்திய பின் அதைப் பற்றி விசாரிக்கும் அங்கத்தினரை நாம் அதிகம் கண்டதில்லை. அந்நிதியிலிருந்து நம் வட்டாரப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது, என்ன கிடைக்கலாம் என்று மகாசபை கேட்கட்டும். கேட்பதற்கு அங்கத்தினருக்கு முழு உரிமை உண்டு.

வரும் ஆண்டுப் பேரவையின் நிகழ்ச்சி நிரலில், தணிக்கை அறிக்கை வாசித்து முடிந்ததும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். சங்கத்தை விட்டுப் போன அங்கத்தினர் இருவர், பெயர் பதிவாகாத பெண்கள் இருவர், கிடங்கு ஊழியர் ஒருவர் பேசட்டும். மேடை வேண்டாம், ஒலிபெருக்கி இருந்தால் போதும், அதுவும் கூடம் சிறியதாயின் தேவையில்லை. பேசும்போது நிர்வாகக் குழுவினர் குறுக்கிட்டு விளக்கம் கூறாதிருக்க வேண்டும். விளக்கத்திற்கு வேறு நாள் உண்டு. சொன்னதைச் சொன்னபடியே செயலாளர் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதி, சொன்னவரிடம் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறட்டும். தணிக்கைக்கு நாம் வரும்போது, ஐந்தொகையைத் திறப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைக் கேட்போம்.