தலையசைப்பு பதிலாகாது

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் என் தாயாரை இயன்முறை மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றேன். தம் பணியில் தேர்ந்தவர். காலை எத்தனை முறை மடக்கி நீட்ட வேண்டும் என்று விரைவாகச் சொல்லி, அச்சிட்ட தாளொன்றைத் தந்தார். தாயார் தலையசைத்தார்கள். வீடு திரும்பியதும், "இனி நான் ஸஜ்தா செய்ய முடியுமா, தம்பி?" என்று என்னிடம் கேட்டார்கள். அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. கேட்க இடமே வாய்க்கவில்லை. இரண்டே நாளில் பயிற்சியும் நின்றது.

இயன்முறை மருத்துவத்தின் பெரும்பகுதி, மருத்துவர் உடனில்லாத வேளையில், நோயாளியின் வீட்டில் நடைபெறுகிறது. எனவே பேச்சும் சிகிச்சையின் ஓர் அங்கமே. தசையையும் மூட்டையும் கற்பிக்கும் கல்லூரிகள், இதையும் செய்முறைப் பாடமாக்கித் தேர்விலும் சேர்க்க வேண்டும். "மீண்டும் எதைச் செய்ய விரும்புகிறீர்கள்?" என முதலில் வினவவும், இடைமறிக்காமல் செவிமடுக்கவும் மாணவர் பழகட்டும். "புரிந்ததா?" என்பதைவிட, "செய்து காட்டுங்கள்" என்பதே மேல். மத்ரஸாவிலும் "புரிந்ததா?" என்றால் எல்லாத் தலைகளும் அசையும், ஓதச் சொன்னால்தான் உண்மை வெளிப்படும்.

மூல நோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) தொழுகை பற்றிக் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் அவருடைய இயலாமைக்கேற்ப நிலைகளைப் படிப்படியாக எளிதாக்கிக் கூறியது புகாரியில் பதிவாகியுள்ளது.

நேரமில்லை என்பார்கள். அடுத்த முறை தாயாரின் கேள்வியை நானே எழுப்பினேன். இப்போதைக்கு நாற்காலியில் அமர்ந்து தொழலாம் என்றும், எந்தப் பயிற்சி எதற்கு உதவும் என்றும் அவர் ஐந்து நிமிடம் விளக்கினார். அன்று மாலையே தாயார் காலை மடக்கத் தொடங்கினார்கள்.