கலர் தூக்கச் சொல்கிறவர்களுக்கு

"கலர் கொஞ்சம் தூக்குங்க பிரதர்."

கம்ப்யூட்டரில் கதாபாத்திரங்கள் வரைந்து பிழைக்கும் எனக்கு அதிகம் கிடைத்திருக்கிற கருத்து இதுதான். விளையாட்டுக்கு வரைந்தாலும், கார்ட்டூன் படத்துக்கு வரைந்தாலும், குழந்தைகள் புத்தகத்துக்கு வரைந்தாலும் இதுதான். பின்னாலேயே இதன் தம்பி தங்கைகள் வரும். "மூக்கைக் கொஞ்சம் ஷார்ப் பண்ணுங்க." "முகத்துல களையே இல்லையே." "இது ஹீரோயினா, வேலைக்காரியா?" இதற்கெல்லாம் ஃபீட்பேக் என்று பெயர். படத்தை மேம்படுத்துகிறார்களாம். நான் சொல்கிறேன், இது சாதி. ஊரில் தெருவைக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உடனே ஒருவர் வருவார்: "அப்ப உங்க படத்தைப் பத்தி யாருமே பேசக் கூடாதா?" பேசுங்கள். நன்றாகப் பேசுங்கள். கறுத்த தோலை வரைவது ஒரு தனி வேலை. பழுப்போடு வெறும் கறுப்பைக் கலந்தால் தோல் வராது, சாம்பல்தான் வரும். வெளுத்த தோலில் முகத்தின் மேடு பள்ளத்தை நிழல் காட்டிக்கொடுக்கும். கறுத்த தோலில் ஒளிதான் காட்டும். உச்சி வெயிலில் நிற்கிறவளின் தோளில் வானத்து நீலம் விழும். தாடைக்கு அடியில் செம்மண்ணின் சிவப்பு ஏறி வரும். வியர்த்த நெற்றி தீட்டின அரிவாள் மாதிரி மின்னும். "நிழல்ல கறுப்பை அப்பாதே, தாடைக்குக் கீழ சிவப்பு ஏத்து, முகம் எழுந்து வரும்" என்று ஒருவர் சொன்னால், அது கருத்து. அந்தப் பெண் இன்னும் நன்றாக அவளாகவே தெரிவதற்கான யோசனை அது. "கலர் தூக்கு" என்பது அவளை இல்லாமல் ஆக்குவதற்கான யோசனை. இரண்டையும் ஒரே பெயரால் அழைக்காதீர்கள்.

ஒரு நிறுவனத்துக்குக் குழந்தைகள் கதை ஒன்று வரைந்தேன். ஆடு மேய்க்கிற சிறுமி. எங்க அம்மாவின் தாடை, எங்க சித்தியின் நெற்றி வைத்து வரைந்தேன். மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் ஏன் மாற்ற முடியாது என்று எழுதினேன். பாதிக் காசு நின்றுபோனது, அந்த மாச வாடகையும் நின்றது. புத்தகம் வந்தபோது பார்க்கிறேன், அந்தப் பிள்ளை கோதுமை நிறத்தில் நிற்கிறாள். லேயர் லேயராகக் கோப்பு அவர்கள் கையில் இருக்கிறதே! பிரஷ் பிடிக்க வேண்டாம், வரையத் தெரிய வேண்டாம், ஒரு பட்டையை வலது பக்கம் இழுத்தால் போதும். கீழே என் பெயர். எங்க அம்மா புரட்டிப் பாத்துட்டு, "யாரு வூட்டுப் புள்ளடா இது?"ன்னு கேட்டுச்சு. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மா. அந்தப் படத்தைப் பற்றி வந்த ஒரே நேர்மையான விமர்சனம் அதுதான்.

இந்தக் கண் நேற்று முளைத்ததல்ல. 1894இல் பம்பாயில் தொடங்கிய ரவி வர்மா அச்சகம் வெளுத்த தெய்வங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது. 1967இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை, அசுரன் என்றால் கறுத்த பருத்த உடம்பு என்று தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் கண்ணைப் பழக்கியது. 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் பெயரை மாற்றிக்கொண்டது. கண்ணை யார் மாற்றுவது?

இவர்களுக்கு நேர் எதிரில் இன்னொரு கூட்டம் உண்டு. முற்போக்குக் கூட்டம். "நிறம் அருமை தோழர், ஆனா கண்ணுல வலி இன்னும் தெரியணும்." ஏன் தெரியணும்? எங்க சித்தி வாய்விட்டுச் சிரிக்கிறவள். அவள் சிரிப்பு நாலு தெருவுக்குக் கேட்கும். அவளை அழவைத்தால்தான் உங்களுக்கு அவள் தலித்தாகத் தெரிகிறாள். ஒருத்தன் வெளுக்கச் சொல்கிறான், இன்னொருத்தன் அழச் சொல்கிறான். இரண்டு பேருமே எதிரில் இருக்கிற முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, நாங்கள் கருத்துச் சொன்னால் என்ன நடக்கிறது? 1949இல் சங்கர் வரைந்த கேலிச்சித்திரம்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் சாட்டையோடு நேரு. அது 2006இல் என்.சி.இ.ஆர்.டி. பதினோராம் வகுப்புப் பாடநூலில் ஏறியது. 2012இல் நாம் எதிர்த்தபோது, இவர்களுக்குக் கார்ட்டூன் புரியாது, நகைச்சுவை உணர்வு இல்லை என்றார்கள். அது ஒற்றைப் படமல்ல என்பதை 2019இல் உன்னமதி சியாம் சுந்தர் தொகுத்த அம்பேத்கர் கேலிச்சித்திர நூல் காட்டியது. பத்திரிகைகள் பாபாசாகேபை எப்படிச் சிறுக்க வைத்து வரைந்தன என்பதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். ஆக, அவர்கள் நம் படத்தைத் திருத்தினால் ரசனை. நாம் அவர்கள் படத்தைக் கேள்வி கேட்டால் சகிப்பின்மை. நியாயமா இது?

2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா'வை எடுத்துப் பாருங்கள். துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் அம்பேத்கரின் வாழ்க்கையைக் கட்டங்களுக்குள் அடைக்காமல் வரைந்தார்கள். இதமான பேச்சுக்குப் பறவை வடிவம், சாதி பேசும் வாய்க்குத் தேள் கொடுக்கு. "கட்டம் எங்கே, அனாட்டமி எங்கே" என்று யாராவது திருத்தியிருந்தால் அந்தத் தேள் நமக்குக் கிடைத்திருக்குமா?

நம்ம பக்கமும் பேசணும். தம்பி ஒரு படம் போட்டால் "செம தம்பி, ஜெய்பீம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அது அன்பு இல்லை. இவனால் இவ்வளவுதான் முடியும் என்று முடிவு கட்டுவது. தோள் இறங்கியிருந்தால் இறங்கியிருக்கு என்று சொல்லணும். எல்லா உருவமும் முஷ்டி தூக்கியே நின்றால், கையை எப்பய்யா கீழ இறக்குவான் என்று கேட்கணும். நம்ம பேனர்களிலேயே பாபாசாகேபுக்குக் கலர் தூக்கியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதை நாம் கேட்காமல் ஊரானைக் கேட்க முடியாது.

கருத்துச் சொல்கிறவர்களே, முதலில் படத்தில் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் வரைந்தவன் என்ன செய்யப் பார்க்கிறான் என்று கேளுங்கள். எது பிழை, எது உங்கள் ஆசை என்று பிரித்துச் சொல்லுங்கள். கேட்காமல் அவன் லேயரில் கை வைக்காதீர்கள்.

வரைகிற பிள்ளைகளே, நீங்கள் "ஏன்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒளி, எடை, எலும்பு என்று பதில் வந்தால் உட்கார்ந்து மாற்றுங்கள், ராத்திரி முழுக்க ஆனாலும் சரி. "அப்படித்தான் எல்லாருக்கும் பிடிக்கும்" என்று பதில் வந்தால் மாற்றாதீர்கள். வேலை எடுக்கும்போதே தோல் நிறத்தைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். முழுக் காசு வருகிறவரைக்கும் லேயர் பிரித்த கோப்பைக் கொடுக்காதீர்கள்.