சுத்தக் குறைச்சல் இல்லை!

பலாப்பழக் காலத்தில் எங்கள் பண்ருட்டி வீட்டுக்கு நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து நாத்தனார் வந்துவிடுவாள். இந்தத் தடவை வந்தவள் ஒரு சுளையைக்கூடத் தொடவில்லை. நிமிஷத்துக்கு ஒரு தரம் கொல்லைப்புறம் போய் வந்தாள். அப்புறம் அடுப்படியில் என்னைத் தனியாகப் பிடித்து, "சொல்லவே வெக்கமா இருக்கு அண்ணி. நாலு மாசமா நீர்க்கடுப்பு. நான் சுத்தமா இல்லேன்னு மாமியார் சொல்றாங்க" என்றாள்.

சூடு என்று சொல்லி வெந்தயமும் இளநீரும் கொடுத்திருப்பேன். ஆனால் அவள் பையில் மூன்று ஆன்டிபயாடிக் அட்டைகள்! சீட்டு இல்லாமலே கடையில் வாங்கியவை. விழுங்கினால் இரண்டு நாள் தேவலை, அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி.

டாக்டரம்மா சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார். வந்தது பாக்டீரியா இல்லை, காண்டிடா என்ற பூஞ்சை. ரொட்டியைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. அநேகம் பேர் குடலில் சாதுவாகக் குடியிருப்பதுதான். கூடவே இருக்கும் நல்ல கிருமிகள் அதை அடக்கி வைக்கும். ஆன்டிபயாடிக் பூஞ்சையைக் கொல்லாது. அந்த நல்ல கிருமிகளைத்தான் ஒழிக்கும். சிறுநீரிலும் சர்க்கரை இறங்கிவிட்டால் பூஞ்சைக்கு விருந்துதான். நாத்தனாருக்கு அன்று 280!

"என் ஓரகத்திக்கும் சர்க்கரைதானே டாக்டர், அவளுக்கு வரலையே?" என்று கேட்டாள். அதுதான் அவள் மனசை அரித்த கேள்வி.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். பிறக்கும்போதே நம் உடம்பில் காவல்காரர்கள் உண்டு. ஈரல் செய்யும் 'மன்னோஸ் பிணைப்பு லெக்டின்' என்ற புரதம், பூஞ்சையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு அதை வெள்ளை அணுக்களுக்குக் காட்டிக்கொடுக்கும். வெள்ளை அணுக்களின் மேலேயே 'டெக்டின்-1' என்று இன்னொரு புரதம், பூஞ்சையை அடையாளம் காணும். சிலருக்குப் பிறவியிலேயே இவை குறைச்சல். 2009-ல் நெதர்லாந்து டாக்டர்கள் ஒரே குடும்பத்துப் பெண்கள் நாலு பேரைப் பற்றி எழுதினார்கள். அவர்களுக்குப் பிறப்புறுப்பிலோ நகத்திலோ பூஞ்சை விடாமல் வந்தது. நாலு பேருக்கும் டெக்டின்-1 மரபணுவில் ஒரே பிழை. சிறுநீர்ப்பை விஷயத்தில் சாட்சி இவ்வளவு தெளிவில்லை. அங்கே சர்க்கரை, ஆன்டிபயாடிக், ரப்பர் குழாய் மூன்றும்தான் முதல் எதிரிகள். ஆக, உடம்புக்கு உடம்பு வித்தியாசம் உண்டு. சோப்புப் போட்டுத் தேய்த்து அதை மாற்ற முடியாது. (வாசனை சோப்பு எரிச்சலைத்தான் கூட்டும்.)

சிறுநீர் பிடிக்கும்போது தண்ணீரால் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் பிறப்புறுப்பில் இருக்கும் பூஞ்சை கலந்து ரிப்போர்ட் குழப்பும். தொந்தரவே இல்லாமல் ரிப்போர்ட்டில் மட்டும் பூஞ்சை என்றால் பெரும்பாலோருக்கு மருந்தே தேவைப்படாது. காய்ச்சல், குளிர், விலாப்பக்க வலி என்றால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

நாத்தனாருக்கு ஃப்ளூகோனசோல் கொடுத்தார்கள்; அது சிறுநீரில் நன்றாக இறங்கும் மருந்து. நேற்று போன் பண்ணினாள். கடுப்பு நின்றுவிட்டது, சர்க்கரை 150-க்கு வந்திருக்கிறது. அடுத்த தடவை டாக்டரம்மாவிடம் மாமியாரையும் கூட்டிப் போனாளாம். இப்போது மாமியாரே பக்கத்து வீட்டில், "அதென்னமோ புரதமாம், பிறவியிலேயே வர்றதாம்" என்று விளக்கிக்கொண்டிருக்கிறாராம்!