கல்லூரிக்கு முன் ஒரு கட்டம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் மும்பையில் நம்மவர்கள் கேட்பது, “எந்தக் காலேஜுக்குப் பேர் அதிகம்?” என்பதுதான். அதற்கு முன் பிள்ளையின் லீவிங் சர்டிபிகேட்டை எடுத்துப் பாருங்கள். தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தமிழ் என்று இருக்கிறதா? மராட்டிய மாநிலத்தில் மொழிச் சிறுபான்மையினர் நடத்தும் ஜூனியர் கல்லூரிகளில் பாதி இடங்கள் அம்மொழிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்படுகின்றன. அந்த இடம் கேட்க முக்கியமான சாட்சி இந்தக் கட்டம். பள்ளியில் சேர்க்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் பூர்த்தி செய்த பாரத்தில் இந்தி என்று விழுந்திருக்கலாம். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே திருத்துங்கள். வெளியே வந்தபின் அது பெரும்பாடு.

அடுத்தது தூரம். மாணவர் சீசன் டிக்கெட்டுக்குப் பாதிக் கட்டணம்தான். கல்லூரி தரும் சலுகைச் சீட்டைக் கவுண்டரில் கொடுத்தால் போதும். ஆனால் உடம்புக்கு ஏது சலுகை? கல்யாணிலிருந்து சி.எஸ்.எம்.டி. சுமார் 54 கிலோமீட்டர். தினமும் போக வர நின்றே வரும் பிள்ளை இரவில் என்ன படிக்கும்? பெயர் சற்றுக் குறைந்தாலும் பக்கத்துக் கல்லூரியே மேல் என்பேன்.

தாராவியில் ஒரே அறையில் ஆறு பேர் இருக்கும் வீட்டில் மேசை போட இடமேது? கல்லூரிக்குப் போகும்போதே, நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டு வாருங்கள்.